எனாமல் எல்லா விலங்குக்கும் ஒரே பொருள்தானா? கணக்கும் அளவும் ஏன் ஒத்துவரவில்லை?

தராசுமுள் | 3 பிப்ரவரி 2025, காலை 9:40

எந்தப் பாடநூலைத் திறந்தாலும் எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) என்றால் ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பத்து கால்சியம், ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சில். இந்த வாய்பாட்டின்படி எடையில் கால்சியம் 39.9%, பாஸ்பரஸ் 18.5% இருக்கவேண்டும். மனிதக் கடைவாய்ப்பல் எனாமலைப் பொடித்து அமிலத்தில் கரைத்து அளந்தால் கால்சியம் 36.5%, பாஸ்பரஸ் 17.3%தான் வருகிறது. திரும்பத் திரும்ப அளந்தாலும் அதே. பொடியில் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் கலந்துவிட்டதா, அளவீட்டில் கோளாறா?

இன்னொன்று. ஒரு நூலில் தாதுப்பொருள் 96% என்று இருக்கிறது, வேறொன்றில் 86%. பத்து சதவீதம் எங்கே போனது?

கடைசியாக என் வாதம்: மனிதன், எலி, மாடு, சுறா எதை எடுத்தாலும் எனாமல் ஒரே பொருள்தான். கனமும் அடுக்கியிருக்கும் விதமும்தான் வேறு. தவறென்றால் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

படிகம் | 3 பிப்ரவரி, காலை 11:05

96 என்பது எடைக் கணக்கு, 86 என்பது கன அளவுக் கணக்கு. இரண்டும் சரி. போட்டுப் பாருங்கள்.

100 கிராம் எனாமலில் தாது 95 கிராம், நீர் 4 கிராம், கரிமப்பொருள் 1 கிராம் என்று வைப்போம். அபடைட்டின் அடர்த்தி 3.15 என்றால் 95 கிராம் தாது 30.2 கன செ.மீ. இடத்தைப் பிடிக்கும். நீருக்கு 4. கரிமப்பொருளின் அடர்த்தியை 1.35 என்று கொண்டால் அதற்கு 0.74. மொத்தம் 34.9. அதில் தாது 86.4%, நீர் 11.5%, கரிமப்பொருள் 2.1%.

எடையில் நூற்றுக்கு நாலாக இருக்கும் நீர், இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. அமிலம் உள்ளே போவதும், கரைந்த கால்சியம் வெளியே வருவதும், ஃபுளோரைடு நுழைவதும் இந்த நீர் வழியாகத்தான். சொத்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கன அளவில் பேசுவதற்கும், பகுப்பாய்வு செய்கிறவர்கள் எடையில் பேசுவதற்கும் காரணம் இதுதான். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் போடும் நூலை நம்பாதீர்கள்.

படிகம் | 3 பிப்ரவரி, காலை 11:50

கால்சியம் குறைவதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். உங்கள் 36.5 பிழை இல்லை. மனித எனாமலில் அப்படித்தான் இருக்கும்.

முதலில் நீரும் கரிமப்பொருளும் சேர்ந்த 4 முதல் 5 சதவீதத்தை, நடுவில் 4.5 என்று கொண்டு, கழியுங்கள். 39.9 என்பது 38.1 ஆகிவிடும், 18.5 என்பது 17.7 ஆகிவிடும். மிச்சக் குறைவுக்குக் காரணம், எனாமலில் இருப்பது தூய அபடைட் இல்லை என்பதே. எடையில் 3 முதல் 3.5% வரை கார்பனேட் இருக்கிறது. சோடியம் அரை சதவீதத்துக்குச் சற்று மேல், மக்னீசியம் 0.2 முதல் 0.5 வரை, குளோரின் 0.3 அளவில்.

கார்பனேட் உட்காரும் இடம் இரண்டு. ஹைட்ராக்சில் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் ஏ வகை, பாஸ்பேட் இடத்தில் உட்கார்ந்தால் பி வகை. எனாமலில் பெரும்பகுதி பி வகை. பாஸ்பேட்டுக்கு மின்சுமை மூன்று, கார்பனேட்டுக்கு இரண்டு. இந்தக் குறையை ஈடுகட்ட எங்கோ ஒரு நேர்மின்சுமை குறைந்தாகவேண்டும். கால்சியம் இருக்கவேண்டிய இடத்தில் சோடியம் வந்து உட்காரும், அல்லது அந்த இடம் காலியாகவே கிடக்கும். அதனால் கார்பனேட் ஏறினால் பாஸ்பரஸும் இறங்கும், கால்சியமும் இறங்கும்.

உங்கள் எண்களைக் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள மோல் விகிதமாக்கினால் (எடையை அல்ல, அணு எண்ணிக்கையை ஒப்பிட்டால்) 1.63. தூய அபடைட்டுக்கு 1.67. இந்தச் சின்ன இறக்கம்தான் எனாமலின் உண்மையான கையெழுத்து. 1.67 வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கடைவாய் | 3 பிப்ரவரி, இரவு 8:22

டென்டின் கலந்திருக்கிறதா என்பதைக் கால்சியத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. டென்டினில் எடைக்கு 70% தாது, 20% கரிமம், 10% நீர்; கால்சியம் 27% அளவில். உங்கள் பொடியில் நூற்றுக்கு ஐந்து டென்டின் கலந்திருந்தாலும் கால்சியம் 37-லிருந்து 36.5-க்குத்தான் இறங்கும். அளவீட்டுப் பிழையே அதை விழுங்கிவிடும்.

கண்ணால் பார்ப்பதற்கு ஒரு வழி: துண்டுகளைப் பொடிப்பதற்கு முன் புற ஊதா விளக்கின் கீழே வையுங்கள். டென்டின் எனாமலைவிடப் பிரகாசமாக நீல வெள்ளையில் ஒளிரும். எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும், அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்கிவிடலாம்.

பொடித்த பிறகு பிரிக்கவேண்டுமென்றால் மேன்லி, ஹாட்ஜ் 1939-இல் சொன்ன அடர்த்தி முறை இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. புரோமோஃபார்மில் அசிட்டோன் கலந்து அடர்த்தியை 2.70-க்குக் கொண்டுவந்து, பொடியைப் போட்டு மையவிலக்கில் சுற்றினால் எனாமல் அடியில் தங்கும், டென்டின் மிதக்கும். அசிட்டோன் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கலவையின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அடர்த்தியைச் சரிபாருங்கள். புரோமோஃபார்ம் ஈரலுக்குக் கேடு, ஆய்வகப் புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்கவே கூடாது. அதற்குப் பதிலாகச் சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல் எடுப்பவர்கள் காய்ச்சி வடித்த நீரையே சேர்க்கவேண்டும். கால்சியம் உள்ள நீர் பட்டால் வீழ்படிவு வந்து கரைசல் கெட்டுவிடும்.

தராசுமுள் | 4 பிப்ரவரி, காலை 7:30

கன அளவு, எடை விஷயம் தெளிவானது. நான் செய்த முறையையும் எழுதிவிடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள். 10 மி.கி. பொடி, 1 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம், 50 மி.லி.க்கு நிரப்பி, அதிலிருந்து இருபது மடங்கு நீர்த்து, காற்று அசிட்டிலீன் சுடரில் அணு உறிஞ்சல் முறையில் கால்சியம். பாஸ்பரஸ், நீல நிறத்தின் ஆழத்தை அளக்கும் மாலிப்டினம் நீல முறையில்.

படிகம் | 4 பிப்ரவரி, காலை 10:15

இரண்டு இடத்தில் கைவைக்கவேண்டும்.

முதலாவது தராசு. 0.1 மி.கி. வரை காட்டும் தராசில் 10 மி.கி. நிறுத்தால், நிறுப்பதிலேயே நூற்றுக்கு ஒன்று போய்விடுகிறது. கால்சியத்தில் அது 0.37 புள்ளி. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் வித்தியாசமே ஒன்றரைப் புள்ளிதான். 50 மி.கி. எடுங்கள், அல்லது 0.01 மி.கி. காட்டும் தராசுக்குப் போங்கள்.

இரண்டாவது சுடர். காற்று அசிட்டிலீன் சுடரில் பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அணுவாகப் பிரிய விடாது. அளவு குறைத்தே காட்டும். மாதிரி, தரநிலைக் கரைசல், வெற்றுக் கரைசல் மூன்றிலும் லாந்தனம் குளோரைடை, லாந்தனம் 0.5 முதல் 1% வரும்படி சேர்க்கவேண்டும். லாந்தனம் பாஸ்பேட்டோடு சேர்ந்துகொண்டு கால்சியத்தை விட்டுவிடும். சுடருக்குப் பதிலாகப் பிளாஸ்மாவில் அளக்கும் ஐ.சி.பி. கருவி கிடைத்தால் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

பொடியை எப்படி உலர்த்தினீர்கள் என்று சொல்லவில்லை. 105 டிகிரியில் உலர்த்தினால் பரப்பில் ஒட்டிய நீர்தான் போகும். படிகத்துக்குள் இருக்கும் நீர் 200 முதல் 400 டிகிரி வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அதையும் விரட்டிவிடுவோம் என்று 900 டிகிரிக்கு ஏற்றினால் கார்பனேட்டும் போய்விடும், மக்னீசியம் இருப்பதால் ஒரு பகுதி பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டாக மாறும். அப்புறம் நீங்கள் அளப்பது எனாமல் அல்ல. 105 டிகிரி, நிலையான எடை வரும் வரை, பிறகு உலர் கலத்தில் ஆறவிடுதல். இதோடு நிறுத்திக்கொண்டு அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

எலிவளை | 4 பிப்ரவரி, மதியம் 2:48

மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன். "ஒரே பொருள்" என்பது மனிதன், மாடு, குதிரை வரைக்கும் ஓரளவு நிற்கும். எலியிடம் வந்தால் விழுந்துவிடும்.

எலி, அணில், பீவர் ஆகியவற்றின் வெட்டுப்பல்லின் முன்பக்கம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை நிறம் கொண்டது. எனாமல் அந்த முன்பக்கத்தில் மட்டும்தான். பின்பக்கம் டென்டின் வெறுமனே இருக்கும், சீக்கிரம் தேயும், அதனால் முனை உளிபோலத் தானாகவே கூராகிக்கொண்டே இருக்கும். எனாமலின் வெளி ஓரத்தில் சில மைக்ரான் கனத்துக்கு இரும்பு இருக்கிறது. எனாமலை உருவாக்கும் செல்களான அமிலோபிளாஸ்ட்கள் முதிர்வின் கடைசிக் கட்டத்தில் ஃபெரிட்டின் என்ற புரதத்தில் சேமித்த இரும்பை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. இரும்புச்சத்து குறைந்த எலியின் பல் வெளுத்துப்போகும். ஃபுளோரைடு மிஞ்சினாலும் வெளுக்கும், பட்டை பட்டையாக.

இந்த இரும்பு அபடைட் படிகத்துக்குள் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து உட்காரவில்லை, படிகங்களுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி சாதாரண எனாமலைவிடக் கடினமானது, அமிலத்தையும் நன்றாகத் தாங்கும். இரும்பு நிறம் தருகிறது, அதே இரும்பு உறுதியும் தருகிறது.

மாதிரி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலி வெட்டுப்பல் வாழ்நாள் முழுக்க வளர்கிறது, நாளுக்கு அரை மி.மீ. அளவில். ஒரே பல்லில் அடியில் இப்போதுதான் சுரந்த மென்மையான எனாமலும், நடுவில் முதிர்ந்துகொண்டிருக்கும் எனாமலும், நுனியில் முற்றிய எனாமலும் வரிசையாக இருக்கும். பல்லை முழுதாகப் பொடித்தால் மூன்றின் கலவை கிடைக்கும். புரதம் அதிகம், தாது குறைவு என்று காட்டும். ஈறுக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் எடுங்கள்.

கடைவாய் | 4 பிப்ரவரி, இரவு 9:10

சுறாவும் இந்த வாதத்தில் நிற்காது. அதன் பல்லின் மேலுறையில் இருப்பது ஏறக்குறைய ஃபுளோர் அபடைட். தூய ஃபுளோர் அபடைட்டில் ஃபுளோரின் எடைக்கு 3.77%, சுறாவில் 3% அளவுக்கு வரும். மனித எனாமலின் உள்பகுதியில் இது 0.01% அளவு. நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். அதனால்தான் சுறாப்பல் அவ்வளவு கடினம்.

எலிவளை | 5 பிப்ரவரி, காலை 6:55

முதல் பாதி சரி, கடைசி வரி சரியில்லை. அளந்து பார்த்தவர்கள் சுறாப்பல்லின் கடினம் மனிதப் பல்லுக்குச் சமமாகவே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஃபுளோரின் படிகத்தின் கரைதிறனைக் குறைக்கும். அதுவே கடினத்தைக் கூட்டிவிடாது. படிகங்கள் எப்படிக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் கணக்கில் சேரும். பவளத்தைக் கடித்துத் தின்னும் கிளிமீனின் பல்லும் ஃபுளோர் அபடைட்தான். அது மனித எனாமலைவிட மிகக் கடினம். அங்கே இழைகள் பின்னிக்கிடக்கும் விதம் வேறு.

இன்னொன்று, சுறாவுக்கு இருப்பதை எனாமல் என்று சொல்லாமல் எனாமலாய்டு என்பார்கள். எனாமலை அமிலோபிளாஸ்ட் செல்கள் மட்டும் உருவாக்கும். எனாமலாய்டில் டென்டின் பக்கத்துச் செல்களும் பங்கெடுக்கின்றன, உருவாகும்போது கொலாஜன் இழைகள் ஊடே இருக்கும். முற்றியபின் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், பிறப்பு வேறு.

கடைவாய் | 5 பிப்ரவரி, காலை 8:40

ஒத்துக்கொள்கிறேன், கடினத்தைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கரைதிறன் பற்றிச் சொன்னதிலும் ஒரு திருப்பம் உண்டு.

ஓகார்டும் கூட்டாளிகளும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு. சுறா எனாமல் துண்டுகளை மனித வாயில், பற்படலம் (பல்லில் படியும் கிருமிப்படலம்) தேங்கும்படி பொருத்தி வைத்தார்கள். ஏறக்குறைய தூய ஃபுளோர் அபடைட்டாக இருந்தும் அதிலும் தாது கரைந்து சொத்தைப் புண் வந்தது. படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் ஃபுளோரைடு மட்டும் காப்பாற்றாது. படிகத்தைச் சூழ்ந்த நீரில், அமிலம் தாக்கும் அந்த நேரத்தில், கரைந்த ஃபுளோரைடு கொஞ்சம் இருக்கவேண்டும். மிகச் சிறிய அளவு போதும், ஆனால் அடிக்கடி.

"பற்பசை எனாமலை ஃபுளோர் அபடைட்டாக மாற்றிவிடுகிறது" என்று விளம்பரத்திலிருந்து வகுப்பறை வரை சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் நிற்காது. முழுதாக மாறினால் ஃபுளோரைடு 37,700 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கவேண்டும். மனித எனாமலின் வெளிப்பரப்பில் ஆயிரம் இரண்டாயிரம் இருந்தாலே அதிகம், உள்ளே போகப் போக நூற்றுக்கும் கீழே. பத்தில் ஒரு ஹைட்ராக்சில்கூட மாறவில்லை. பற்பசை செய்யும் வேலை, பல்லின் மேலும் படலத்திலும் கால்சியம் ஃபுளோரைடு போன்ற சிறு உருண்டைகளாகத் தங்கி, பி.எச். இறங்கும்போது ஃபுளோரைடை விட்டுக்கொடுப்பது. 1000 முதல் 1500 பி.பி.எம். பற்பசையைத் தினம் இரண்டு முறை என்று சொல்வதன் நியாயம் இதில்தான் இருக்கிறது.

தராசுமுள் | 6 பிப்ரவரி, மாலை 5:20

வெளிப்பரப்பில் மட்டும் ஃபுளோரைடு எவ்வளவு என்று எப்படி அளக்கிறார்கள்? பொடித்தால் உள்ளும் வெளியும் கலந்துவிடுமே?

கடைவாய் | 6 பிப்ரவரி, இரவு 7:45

பொடிக்கவேண்டாம், அமிலத்தால் சுரண்டுங்கள். அமில அரிப்பு மாதிரி என்பார்கள்.

3 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளை வெட்டிய ஒட்டுத்தாளைப் பல்லில் ஒட்டி, மிச்சப் பரப்பை மூடிவிடுங்கள். துளையில் 0.5 மோலார் பெர்குளோரிக் அமிலம் 5 மைக்ரோலிட்டர், 10 நொடி. உறிஞ்சி எடுத்து ஃபுளோரைடு மின்முனைக்கான இடையகக் கரைசலில் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) சேருங்கள். ஒரு பகுதியில் ஃபுளோரைடு, மறு பகுதியில் கால்சியம்.

ஆழத்தைக் கால்சியம் சொல்லும். 20 மைக்ரோகிராம் கால்சியம் வந்தது என்று வையுங்கள். எனாமலில் கால்சியம் 37% என்று கொண்டால் கரைந்த எனாமல் 54 மைக்ரோகிராம். அடர்த்தி 2.95 என்றால் 0.0183 கன மி.மீ. வட்டத்தின் பரப்பு 7.07 சதுர மி.மீ. ஆழம் 2.6 மைக்ரான். அதே கரைசலில் ஃபுளோரைடு 0.08 மைக்ரோகிராம் இருந்தால் 1480 பி.பி.எம். இரண்டாவது, மூன்றாவது முறை அதே இடத்தில் செய்தால் படிப்படியாக உள்ளே இறங்கும் வரைகோடு கிடைக்கும்.

கெட்டுப்போகும் இடங்கள்: ஒட்டுத்தாளின் ஓரத்தில் அமிலம் கசிந்தால் பரப்பு கூடி, ஆழம் தப்பாக வரும். இடையகக் கரைசல் போதாமல் பி.எச். ஐந்துக்குக் கீழே நின்றால் ஃபுளோரைடு ஹைட்ரஜன் ஃபுளோரைடாக ஒளிந்துகொள்ளும், மின்முனைக்குத் தெரியாது. கலந்தபின் 5 முதல் 5.5 இருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும்.

படிகம் | 8 பிப்ரவரி, காலை 10:00

மூன்றாவது வாதத்தில் இன்னும் விடுபட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஒரே பல்லுக்குள்ளேயே எனாமல் ஒரே பொருள் இல்லை.

வெளிப்பரப்பிலிருந்து டென்டின் எல்லை நோக்கிப் போகப் போகக் கார்பனேட் 2%-லிருந்து 4%-க்கும் மேல் ஏறும், மக்னீசியமும் ஏறும், ஃபுளோரைடு இறங்கும். உள்பக்கம் எளிதில் கரையும். சொத்தை எனாமலைத் தாண்டியதும் வேகம் பிடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

அதற்கும் கீழே, ஒரே படிகத்துக்குள் போவோம். மனித எனாமல் படிகம் ஏறக்குறைய 25 நானோமீட்டர் கனம், 70 நானோமீட்டர் அகலம், நீளமோ அதைப்போல எத்தனையோ மடங்கு. இப்படி ஆயிரக்கணக்கானவை சேர்ந்து 5 மைக்ரான் அகலமுள்ள ஒரு தண்டு. 2015-இல் எலி எனாமலை அணு அணுவாக ஆய்ந்தவர்கள், படிகங்களுக்கு இடையே மக்னீசியம் செறிந்த, படிக ஒழுங்கில்லாத கால்சியம் பாஸ்பேட் மெல்லிய படலமாக இருப்பதைக் கண்டார்கள். நிறமுள்ள வெளி ஓரத்தில் அந்த இடத்தை இரும்பு பிடித்திருந்தது. 2020-இல் மனித எனாமலைப் பார்த்தபோது படிகத்தின் மையத்தில் சோடியம், ஃபுளோரைடு, கார்பனேட் கூடுதலாகவும், மையத்தின் இருபுறமும் மக்னீசியப் பட்டைகளும், வெளி ஓட்டில் இவை குறைவாகவும் இருந்தன.

சொத்தை தொடங்கிய எனாமலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் சில படிகங்களின் ஓடு அப்படியே நிற்க, நடு மட்டும் கரைந்து குழலாகத் தெரியும். பல ஆண்டுகளாகப் படங்களில் இருந்த இந்தக் குழல்களுக்கு இப்போதுதான் வேதிக்காரணம் கிடைத்திருக்கிறது. அசுத்தம் செறிந்த நடுப்பகுதி, இறுக்கம் குலைந்த இடம். அமிலம் அங்கேதான் முதலில் வாய்வைக்கிறது.

தராசுமுள் | 8 பிப்ரவரி, இரவு 9:30

"ஒரே பொருள்" என்பதைக் கைவிடுகிறேன். வாய்பாடு ஒரு சட்டகம். அதில் யார் யார் எந்த இடத்தில் குடியேறியிருக்கிறார்கள் என்பதுதான் பொருள். சரிதானே?

ஒரு துணைக்கேள்வி: எனாமல் கரைவதற்கு பி.எச். 5.5 என்ற எண்ணை எல்லாரும் சொல்கிறார்கள். கார்பனேட் இடத்துக்கிடம் மாறும்போது அந்த எண் எப்படி மாறாமல் இருக்கும்?

கடைவாய் | 9 பிப்ரவரி, காலை 7:15

மாறும். 5.5 என்பது எனாமலின் குணம் மட்டும் இல்லை, சுற்றியுள்ள திரவத்தின் குணமும்கூட. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் எந்த அளவில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து, அந்தத் திரவம் அபடைட்டுக்கு நிறைகரைசலாக இருக்கும் கடைசி பி.எச். அது. கால்சியம் குறைந்த உமிழ்நீர் உள்ளவருக்கு 6-க்கு மேலேயே கரைதல் தொடங்கிவிடலாம். டென்டினுக்கு இது 6.2-ஐ ஒட்டி இருக்கும், ஃபுளோர் அபடைட்டுக்கு 4.5. பால்பல் எனாமலில் கார்பனேட் கூடுதல், கனமும் குறைவு, அதனால் சீக்கிரம் கரையும்.

பி.எச். ஒன்று இறங்கினால் கரைதிறன் ஏறக்குறைய பத்து மடங்கு ஏறுவதற்குக் காரணம், அமிலம் இரண்டு பக்கம் இழுப்பது. ஹைட்ராக்சிலை நீராக்கிவிடுகிறது, பாஸ்பேட்டை ஹைட்ரஜன் ஏற்றி வேறு அயனியாக்கிவிடுகிறது. இரண்டும் கரைசலில் குறையக் குறைய, அவற்றை நிரப்பப் படிகம் கரைந்துகொண்டே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும்படி ஒன்று. எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1.0. தொடக்கச் சொத்தையில் வெளிப்படலம் நிற்கும், அதன் அடியில் நுண்துளைகள் பெருகும். துளையில் நீர் இருக்கும்வரை வித்தியாசம் சிறிது, பல் பளபளவென்றுதான் இருக்கும். காற்றுக்குழாயால் ஐந்து நொடி ஊதி உலர்த்தினால் துளைகளில் காற்று ஏறி, சுண்ணாம்பு வைத்ததுபோல ஒரு வெள்ளைத் திட்டு எழும்பி வரும். ஈரத்திலேயே வெள்ளையாகத் தெரிந்தால் புண் இன்னும் ஆழம். கூரான கம்பியால் அதைக் குத்திப் பார்க்காதீர்கள். வெளிப்படலம் உடைந்தால் பிறகு தாது திரும்பி ஏற வழியில்லாமல் போகும்.

கடைவாய் | 9 பிப்ரவரி, காலை 7:50

கரைதலை வேண்டுமென்றே செய்யும் இடமும் உண்டு. பல் மருத்துவர் பியூனோகோர் 1955-இல் 85% பாஸ்பாரிக் அமிலத்தை 30 நொடி வைத்துப் பிசினை எனாமலில் ஒட்டிக் காட்டினார். இன்று 37%, 15 முதல் 30 நொடி. அமிலம் எனாமலில் 10 மைக்ரான் அளவைத் தின்றுவிட்டு, கீழே 20 மைக்ரான் ஆழத்துக்குத் தேன்கூடுபோலத் துளைகளை விட்டுச்செல்லும். பிசின் அதில் இறங்கிக் கெட்டியாகும். அமிலம் வலுவாக இருந்தால் நல்லது என்று நினைக்கவேண்டாம். 50 சதவீதத்துக்கு மேல் போனால் பரப்பில் மோனோகால்சியம் பாஸ்பேட் படிந்து மேற்கொண்டு அரிப்பதைத் தடுக்கும். 27-க்குக் கீழே போனால் டைகால்சியம் பாஸ்பேட் படிந்து, கழுவினாலும் போகாது. கழுவி உலர்த்தியபின் பரப்பு மங்கலான வெள்ளையாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் மறுபடி அரியுங்கள். ஃபுளோரைடு அதிகம் ஏறிய பல்லில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அரித்த இடத்தில் எச்சில் பட்டுவிட்டால் துளைகளைப் புரதம் மூடிவிடும், திரும்பத் தொடங்கவேண்டியதுதான்.

எலிவளை | 12 பிப்ரவரி, மதியம் 1:10

இங்கே யாரோ தனிச்செய்தியில் கேட்ட கேள்விகளுக்குப் பொதுவில் பதில்.

முயல் எலியினம் இல்லை. அதன் வெட்டுப்பல் வெள்ளை, இரும்பு நிறம் கிடையாது. மேல்தாடையில் பெரிய வெட்டுப்பல்லின் பின்னால் இன்னொரு சிறிய ஜோடி இருக்கும், அடையாளம் அதுதான்.

யானைத் தந்தம் டென்டின். முளைக்கும்போது நுனியில் ஒட்டியிருக்கும் எனாமல் சீக்கிரம் தேய்ந்துவிடும். யானையின் கடைவாய்ப்பல்லில் எனாமல், டென்டின், எலும்பு போன்ற சிமென்டம் மூன்றும் தட்டுத்தட்டாக இருக்கும். மூன்றும் வேறுவேறு வேகத்தில் தேய்வதால் அரம்போல வரப்பு நிற்கிறது. வேதி அளவு நம்முடையதிலிருந்து பெரிதாக விலகவில்லை, வேலை முழுதும் மடிப்பில் இருக்கிறது. காண்டாமிருகத்தில் எனாமல் தண்டுகளின் பட்டைகள் செங்குத்தாக ஓடுகின்றன, விரிசல் போகும் திசையை அது மாற்றிவிடுகிறது.

நத்தை இனத்தைச் சேர்ந்த கைட்டானின் பல்லில் மேக்னடைட் இருப்பதை லோவன்ஸ்டம் 1962-இல் காட்டினார். லிம்பெட்டின் பல்லில் கோதைட். இரண்டும் இரும்புத் தாதுக்கள். அவை எனாமல் அல்ல, அபடைட்டோடு குழப்பிக்கொள்ளவேண்டாம்.

எனாமலே இல்லாத பாலூட்டிகள்: மரத்தில் தொங்கும் ஸ்லாத், ஆப்பிரிக்காவில் எறும்பு தின்னும் ஆர்ட்வார்க். எனாமல் புரதத்துக்கான மரபணுக்கள் இவற்றில் சிதைந்து கிடக்கின்றன.

எலிவளை | 12 பிப்ரவரி, மதியம் 1:55

மேலே எழுதியதில் ஒரு பிழை, உடனே திருத்துகிறேன். கைட்டான், லிம்பெட் இரண்டும் மெல்லுடலிகள். லிம்பெட் நத்தை வகை, கைட்டான் தனி வகுப்பு.

தராசுமுள் | 15 பிப்ரவரி, மாலை 6:05

மனிதப் பல் கிடைக்காதபோது மாட்டுப்பல்லை வைத்துச் சோதிக்கலாமா? எண்கள் பொருந்துமா?

கடைவாய் | 15 பிப்ரவரி, இரவு 10:20

பசுவின் வெட்டுப்பல்லை ஆய்வகங்கள் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. தட்டையான பெரிய பரப்பு, சொத்தை இல்லாமல் கிடைக்கும். கால்சியம், பாஸ்பரஸ் அளவு நெருக்கமே. ஆனால் படிகம் தடித்தது, நுண்துளை கூடுதல், செயற்கைச் சொத்தை அதில் வேகமாக முன்னேறும். இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டு எது மேல் என்று சொல்ல அது போதும். இத்தனை மைக்ரான் கரைந்தது என்ற எண்ணை மனிதப் பல்லுக்குத் தூக்கி வைக்கக்கூடாது.

எதுவானாலும் எடுத்த பல்லை வெறும் காய்ச்சி வடித்த நீரில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், பரப்பிலிருந்து தாது கரைந்துபோகும். கிருமி வளரவிடாத 0.1% தைமால் கரைசலில், குளிர்ச்சியில் வையுங்கள்.

படிகம் | 21 பிப்ரவரி, காலை 9:35

எலிவளைக்கு ஒரு கேள்வி. "இரும்பு நிறம் தருகிறது" என்று 4-ஆம் தேதி எழுதியிருந்தீர்கள். 2024-இன் கடைசியில் வந்த பீவர், எலி, அணில் ஆய்வு அதை மறுக்கிறதல்லவா?

எலிவளை | 21 பிப்ரவரி, மாலை 4:40

மறுக்கிறது, அந்த வரியை வெட்டிவிடுங்கள். ஃபெரிஹைட்ரைட் போன்ற இரும்புப் பொருள் நுண்குழிகளில் நிறைந்திருக்கிறது, அமிலத்தைத் தாங்கும் தன்மை அதனால்தான். ஆனால் அந்த இரும்பு எனாமலுக்கு ஆரஞ்சு நிறம் தரவில்லை. நிறம், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மிக மெல்லிய படலத்திலிருந்து வருகிறது. அதில் அரோமாட்டிக் அமினோ அமிலங்களும் கனிமங்களும் கலந்திருக்கின்றன. இரும்புக்குறைவில் பல் வெளுப்பது உண்மை. அதை வைத்து "நிறம்தான் இரும்பு" என்று நான் தாவியது பிழை.

ஆகவே நிறத்தின் ஆழத்தைப் பார்த்து இரும்பின் அளவை ஊகிக்கக்கூடாது. வெட்டிப் பார்த்து, வெளி ஓரத்தை மட்டும் தனியாக அளக்கவேண்டும். இதே 2024-இல் கொமோடோ உடும்பின் பல் விளிம்பிலும் இரும்புப் பூச்சு இருப்பது வெளிவந்தது, அங்கே ஆரஞ்சு நிறம் வெட்டுமுனையிலும் ரம்பப் பற்களிலும் மட்டும் தெரிகிறது.

தராசுமுள் | 2 மார்ச், காலை 8:10

லாந்தனம் சேர்த்து, 50 மி.கி. எடுத்து, 105 டிகிரியில் நிலையெடை வரும்வரை உலர்த்தித் திரும்பச் செய்தேன். கால்சியம் 36.9, பாஸ்பரஸ் 17.4, மோல் விகிதம் 1.64. அடுத்து எலி வெட்டுப்பல். எனாமலாய்டைத் தனிப் பத்தியில் வைத்து, மாதிரி எடுத்த ஆழத்தையும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதப்போகிறேன்.

எலிவளை | 2 மார்ச், காலை 11:30

மேல் வெட்டுப்பல்லா, கீழ் வெட்டுப்பல்லா என்பதையும் சீட்டில் எழுதுங்கள். எலியில் மேல்பல் ஆழ்ந்த நிறம், கீழ்பல் வெளிர். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டால் பிறகு பிரிக்க வழியில்லை.